அழவும் உரிமையில்லையா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு



நாள்தோறும் காலை வழிபாடு முடிந்து வகுப்பில் அமர்ந்ததும் ஆசிரியை வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கின்றன. “உள்ளேன், அம்மா” என்று எழுந்து சொல்லி அமர்கிறோம். நாம் பொருட்படுத்தாமல் கடந்து போகும் நேரம் அது. பெயர்ப் பட்டியல் என்றால் நமக்கு அச்சமில்லை. ஆனால், பெயர்ப் பட்டியலுடன் வகுப்பறை வாயிலில் ஆட்கள் வந்து நின்றதும், அழைக்கப்பட்ட மாணவர்கள் எழுந்து சென்றதும், சென்றவர்கள் திரும்பி வராததுமான ஒரு நாடு உண்டு. அந்நாட்டில் கணவரை இழந்த தாய்மாரின் நினைவுகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அந்த நாடு புருண்டி. ஆப்பிரிக்க வரைபடத்தின் நடுவே, டாங்கனிக்கா ஏரியின் வடகிழக்குக் கரையில் அதைக் காணலாம். 28,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த சிறு நாடு. வடக்கே ருவாண்டா, கிழக்கே தான்சானியா, மேற்கே காங்கோ. பசுமையான குன்றுகள், குன்றுகள்தோறும் வாழைத் தோப்புகள், காப்பித் தோட்டங்கள். மக்களில் பெரும்பான்மையோர் ஹுட்டு இனத்தவர். சிறுபான்மையோர் டுட்சி இனத்தவர். மிகச் சிலர் ட்வா இனத்தவர். இவர்கள் அனைவரும் பேசுவது கிருண்டி என்னும் ஒரே மொழி. ஒரே குன்றில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்பவர்கள். இரு இனத்தாருக்குள்ளும் பெண் கொடுத்தல், எடுத்தல் உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் ஒரே கோயிலில் முழந்தாளிடுபவர்கள். இப்படிப்பட்டவர்களிடையே பகை எப்படி வந்தது?

முதலில் ஜெர்மானியரும் பின்னர் பெல்ஜியரும் அந்நாட்டை ஆண்டார்கள். பெல்ஜியர் பதவியிலும் படிப்பிலும் டுட்சியருக்கே முன்னிடம் தந்தனர். முன்பு நெகிழ்வாக இருந்த வேறுபாடு இறுகிப் போயிற்று. 1962ஆம் ஆண்டு புருண்டி விடுதலை பெற்றது. அதற்குள் அண்டை நாடான ருவாண்டாவில் 1959 முதல் நடந்த கலவரங்களில் டுட்சியர் பலர் கொல்லப்பட்டனர். பலர் ஓடி வந்து புருண்டியில் தஞ்சம் புகுந்தனர். ‘அங்கே நடந்தது இங்கேயும் நடக்குமோ?’ என்ற அச்சம் புருண்டியை ஆண்ட டுட்சித் தலைவர்களைப் பிடித்துக் கொண்டது. அச்சம் கொண்ட மனமும் ஆயுதம் கொண்ட கையும் ஒன்று சேர்ந்தால் விளைவது என்ன?

1972ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், தெற்கே ஏரிக்கரையிலுள்ள ருமோங்கே முதலிய ஊர்களில் ஹுட்டுக் கிளர்ச்சியாளர் டுட்சி மக்களைத் தாக்கிக் கொன்றனர். பெண்களும் பிள்ளைகளும்கூட அதில் மாண்டனர். இதை நாம் மறைக்கக் கூடாது. அந்த வீடுகளிலும் விதவைகள் இருந்தார்கள். ஆனால் அதற்கு அரசு கொடுத்த பதிலடி, குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பதாக இல்லை. படைத்துறையைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் மிசேல் மிகொம்பெரோவின் ஆட்சி, நாடு முழுவதும் ஹுட்டு மக்களைக் கொல்லத் தொடங்கியது. படையினரும் ஆளுங்கட்சியின் இளைஞர் அணியினரும் பட்டியல்களோடு புறப்பட்டார்கள். அந்தப் பட்டியல்களில் இருந்தவர்கள் யார்? ஆசிரியர்கள், மாணவர்கள், செவிலியர், எழுத்தர்கள், வணிகர்கள், படைவீரர்கள், அருட்பணியாளர்கள். சுருங்கச் சொன்னால், எழுதப் படிக்கத் தெரிந்த ஹுட்டுக்கள். நாளை தலைவர்களாகக் கூடியவர்களை இன்றே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்பதே எண்ணம். சில மாதங்களுக்குள் மாண்டவர் தொகை ஓர் இலட்சம் முதல் மூன்று இலட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்நாட்டு மக்கள் அந்த ஆண்டுக்கு இட்ட பெயர் ‘இகிசா’. பேரழிவு என்பது அதன் பொருள்.

இனி அந்தத் தாயிடம் வருகிறேன். நான் அவரை நேரில் கண்டதில்லை. அவர் ஒருவரும் அல்லர். அந்நாட்டு விதவைகள் பலர் விசாரணை ஆணையத்திடமும் ஆய்வாளரிடமும் சொன்னவற்றுள் மீண்டும் மீண்டும் வரும் செய்திகளைக் கோத்து, ஒரு தாயை என் மனக்கண்முன் நிறுத்திக் கொள்கிறேன். அவருக்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர் வைத்தால் மற்றவர்களை மறந்து விடுவேனோ என்று தோன்றுகிறது.

அவர் கணவர் ஒரு பள்ளியாசிரியர். மே மாதத்தில் ஒருநாள் வட்டார அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறது. அவர் ஓடவில்லை, ஒளியவில்லை. தவறு செய்யாதவன் ஏன் ஓட வேண்டும் என்று நினைக்கிறார். முகம் கழுவி, நல்ல சட்டையை அணிந்து, மாலைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போகிறார். தோழியரே, இதுதான் என் நெஞ்சை அதிகமாக அறுத்தது. அந்த ஆண்டு இறந்தவர்களில் எத்தனையோ பேர் தங்கள் கால்களாலேயே நடந்து சென்றவர்கள். அரசு அழைத்தால் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அல்லவா அவர்கள்!

மாலை வருகிறது, அவர் வரவில்லை. மறுநாள் அந்தத் தாய் சோறு கட்டிக் கொண்டு போகிறார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பி விடுகிறார்கள். இரவில் லாரிகள் போகும் ஓசை கேட்கிறது. எங்கே போகின்றன என்பது ஊருக்கே தெரியும். எவரும் வாய் திறப்பதில்லை. சில நாளில் ஆட்கள் வந்து கணவரின் மிதிவண்டியையும் வீட்டுப் பொருள்களையும் எடுத்துப் போகிறார்கள். ‘உமுமெஞ்சா’, அதாவது துரோகி, என்று இறந்தவருக்குப் பட்டம். துரோகியின் சொத்து துரோகியின் மனைவிக்கு எப்படிச் சேரும் என்று கேட்கிறார்கள். துரோகிக்காக அழுவதும் துரோகம் ஆகிவிடுகிறது. உடல் இல்லை, அடக்கம் இல்லை, துக்கம் விசாரிக்க வருவார் இல்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு வாயில் துணியை அடைத்துக் கொண்டு அழுகிறார். விடிந்ததும் முகத்தைக் கழுவிக் கொண்டு அவரைக் கொத்து பறிக்கக் கொல்லைக்குப் போகிறார். பக்கத்துத் தோட்டத்தில் நிற்பவர் கணவரைக் காட்டிக் கொடுத்தவராகவும் இருக்கலாம். ஒளித்து வைக்க முன்வந்தவராகவும் இருக்கலாம். இருவருக்கும் அவர் வணக்கம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. படித்தவர்களைத் தேடிக் கொன்றதைக் கண்ட பெற்றோர் பலர், அதன்பின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப அஞ்சினார்கள். ‘எழுத்துத் தெரியாதவன் உயிரோடு இருக்கிறான்’ என்பது ஒரு தாயின் கணக்கானால், அதைத் தவறென்று யார் சொல்வது? நாம் பாடச்சுமை என்று சலித்துக் கொள்ளும் புத்தகப் பையை அந்தத் தாய் மரணச் சுமையாகக் கண்டார்.

உலகம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். பெல்ஜியத்தின் பிரதமர் அந்த மே மாதத்திலேயே இதை இனப்படுகொலை என்ற சொல்லால் குறித்தார். ஆயினும் தடுப்பார் இல்லை. ஆப்பிரிக்க நாடுகளின் அமைப்பு மிகொம்பெரோவுக்கு ஆதரவு தெரிவித்தது. புருண்டியின் காப்பிக் கொட்டையில் பெரும் பகுதியை வாங்கிய அமெரிக்கா அதை வாங்கிக் கொண்டே இருந்தது. மிகொம்பெரோ 1976இல் பதவி இழந்து, 1983இல் அயல்நாட்டில் இறந்தார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

இச்செய்திகளை எங்கள் அருட்சகோதரி நீதிபோதனை வகுப்பில் சொன்னபோது, தோழி ஒருத்தி எழுந்து, “ஐம்பது ஆண்டுக்கு முன் நடந்தது. ஆறிய புண்ணை ஏன் கீற வேண்டும், சிஸ்டர்?” என்று கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன்: அன்று நானும் அவள் பக்கமே இருந்தேன். மறப்போம், மன்னிப்போம் என்பதுதானே நல்லோர் சொல்வது என்று நினைத்தேன்.

என் எண்ணத்தை மாற்றியவர் என் பாட்டி. தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியும் அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பாட்டி தகரப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்குப் போய் வந்த மாலையில், தோழி கேட்ட கேள்வியைப் பாட்டியிடம் கேட்டேன். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “உங்க தாத்தா போனப்ப ஊரே கூடி அழுதுச்சு. அதனாலதான் நான் பிழைச்சேன். அழ விடாம அடக்கியிருந்தா அது புண்ணு ஆறுனதா ஆகுமா? உள்ளேயே புரையோடிப் போயிருக்கும்” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்தப் புருண்டித் தாயின் புண் ஆறவே இல்லை. அதை மூடி வைத்தார்கள், அவ்வளவுதான். மூடிய புண்ணை ஆறிய புண் என்று சொல்ல, வலிக்காத நமக்கு என்ன உரிமை? மன்னிப்பு என்பது பெரிய வரம். ஆனால் அது பாதிக்கப்பட்டவர் கொடுப்பது. வேடிக்கை பார்த்தவர் கேட்டு வாங்குவது அன்று. யாரை, எதற்காக மன்னிப்பது என்றே சொல்லாமல் ‘மன்னித்து விடு’ என்பது, வாயை மூடு என்பதன் மறுபெயரே ஆகும்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மண் வாய் திறந்தது. புருண்டியில் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கருசி மாநிலத்தில் ருவுபு ஆற்றங்கரையில் இருந்த புதைகுழிகளைத் தோண்டியது. 6,000க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. துப்பாக்கிக் குண்டுகளும் கிடைத்தன. துணிகள், மூக்குக் கண்ணாடிகள், செபமாலைகள் ஆகியவற்றைக் கொண்டு இறந்தவர் சிலரை அடையாளம் கண்டார்களாம். இதைப் படித்தபோது பாட்டியின் தகரப் பெட்டி என் கண்முன் வந்தது. ஒரு பெண்ணுக்குக் கணவரின் கண்ணாடி மறுநாளே கிடைத்தது. இன்னொரு பெண்ணுக்கு அது கிடைக்க ஐம்பது ஆண்டு மண்ணுக்குள் இருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனை தாய்மார் காத்திருந்தே கண்மூடினார்களோ! 2021 டிசம்பரில் அந்த ஆணையம், 1972இல் ஹுட்டுக்களுக்கு நேர்ந்தது இனப்படுகொலை என்று அறிவித்தது.

அப்படியானால் நினைவு வைத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதே என் தாழ்மையான கருத்து. எப்படி நினைக்கிறோம் என்பதும் உண்டு.

1972இல் பல்லாயிரக்கணக்கான ஹுட்டுக்கள் தான்சானியாவுக்குத் தப்பி ஓடினார்கள். லீசா மல்க்கி என்னும் மானிடவியல் அறிஞர் 1980களில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்தார். மிஷாமோ என்னும் அகதிக் குடியிருப்பில் இருந்தவர்கள் பழைய துயரத்தை ஓயாமல் சொல்லிச் சொல்லி, ஹுட்டுக்கள் என்றால் நல்லவர், டுட்சியர் என்றால் என்றைக்கும் பகைவர் என்ற ஒரு கதையாகவே ஆக்கிக் கொண்டிருந்தார்கள். கிகோமா என்னும் நகரில் கலந்து வாழ்ந்தவர்களோ இனப் பெயரைப் பெரிதாகக் கொள்ளாமல் புது வாழ்வைத் தேடிக் கொண்டார்கள். பிற்காலத்தில் அந்தப் பழைய அகதிகளுள் ஏறத்தாழ 1,62,000 பேருக்குத் தான்சானியா குடியுரிமை வழங்கியது. அது போற்றத்தக்க செயல். ஆனால் மிஷாமோவில் சொல்லப்பட்ட கதையைப் போன்ற கதைகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்க்க வேண்டும்.

1972இல் மாணவராக இருந்து ருவாண்டாவுக்குத் தப்பிச் சென்றவர் மெல்கியோர் என்டடாயே. நாடு திரும்பி, 1993 ஜூனில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் ஹுட்டுக் குடியரசுத் தலைவரானார். நான்கே மாதத்தில், அக்டோபர் 21ஆம் நாள், டுட்சிப் படையினர் அவரைக் கொன்றார்கள். உடனே நாடெங்கும் ஹுட்டுக்கள் டுட்சி மக்களைக் கொல்லத் தொடங்கினர். கிபிம்பா என்னுமிடத்தில் பள்ளி மாணவர்களை ஒரு கட்டடத்தில் அடைத்து உயிரோடு எரித்தார்கள். அந்தோ! பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்களின் இனம், இப்போது தானே பட்டியல் எழுதியது. படை பழிக்குப் பழி வாங்கியது. தொடர்ந்த உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். புதிய விதவைகள், இரு பக்கத்திலும் விதவைகள்.

எனவே, தன் வீட்டுச் சாவை மட்டும் எண்ணும் நினைவு நினைவாகாது. அது கடன் கணக்கு. இன்றைய ஆணையத்தைப் பற்றியும், ஒரு தரப்பாரின் துயருக்கே முதலிடம் தருகிறது என்று குறை கூறுவோர் உளர். அந்தக் குறைக்கு இடம் கொடாமல், 1972இல் கணவரை இழந்த ஹுட்டுத் தாயும், அதே ஏப்ரலில் ருமோங்கேயில் கணவரை இழந்த டுட்சித் தாயும், 1993இல் மகனை இழந்த தாயும் ஒரே திண்ணையில் அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டும். மூவரும் ஒரே மொழியில்தானே அழுகிறார்கள்!

இது ஆகாத காரியம் என்பீர்களா? ஆகும் என்று காட்டியவர்கள் நம் வயதினர். தெற்கே புருரிப் பகுதியில் பூட்டா என்னும் ஊரில் ஓர் இளங்குருமடம் உள்ளது. போர்க்காலத்திலும் அங்கே ஹுட்டு மாணவரும் டுட்சி மாணவரும் சேர்ந்தே படித்தனர். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் விடியற்காலையில் ஹுட்டுக் கிளர்ச்சிப் படையினர் விடுதிக்குள் புகுந்தனர். “ஹுட்டுக்கள் ஒரு பக்கம், டுட்சிகள் ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள்” என்பது கட்டளை. ஹுட்டு மாணவர்கள் விலகிச் சென்றிருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம். எவரும் விலகவில்லை. நாற்பது மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். படுகாயத்துடன் தப்பியவர்களும் உண்டு.

சிந்தித்துப் பாருங்கள், தோழியரே. அந்த மாணவர்கள் 1972க்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுள் சிலருடைய பாட்டிமார் நான் மேலே சொன்ன தாயைப் போன்றவர்களாக இருந்திருக்கக் கூடும். பழி வாங்கக் காரணம் வேண்டுமென்றால் அவர்களிடம் இருந்தது. ஆனால் அவர்கள் பக்கத்தில் நின்ற தோழனின் கையை விடவில்லை. 2019ஆம் ஆண்டு புருண்டி ஆயர்கள் இந்த நாற்பது மாணவர்களைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணையைத் தொடங்கினார்கள். 1972இல் கிடேகாவில் கொல்லப்பட்ட ஹுட்டுக் குருவும் கவிஞருமான மிசேல் கயோயாவின் பெயரும் அதில் இடம் பெற்றது. கொல்வதற்காக எழுதப்பட்ட பட்டியலில் இருந்த பெயர் ஒன்று, போற்றுவதற்காக எழுதப்படும் பட்டியலிலும் வந்து சேர்ந்தது.

நான் பதினைந்து வயதுப் பெண். எங்கோ இருக்கும் ஒரு நாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் அறிவோ தகுதியோ எனக்கில்லை. ஆனால் இரண்டு காரியங்கள் என்னாலும் உங்களாலும் முடியும். ஒன்று, ஒருவர் தம் துயரத்தைச் சொல்லும்போது ‘பழைய கதை’ என்று எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்பது. மற்றொன்று, நம்மை இரண்டு வரிசையாகப் பிரித்து நிற்கச் சொல்லும் குரல் எந்த வடிவில் வந்தாலும் அசையாமல் நிற்பது. அந்தக் குரல் எப்போதும் துப்பாக்கியோடு வருவதில்லை. ‘அவளோடு சேராதே, அவள் நம்மவள் அல்ல’ என்று சாப்பாட்டு மணி நேரத்தில் காதோடு காதாகவும் வரும். அதற்கு நானும் ஒருமுறை செவி கொடுத்திருக்கிறேன். வெட்கத்துடன் இதை எழுதுகிறேன். சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக் கொண்டு இடம் மாறி உட்கார்ந்த அந்தத் தோழியிடம், இதை எழுதத் தொடங்கும் முன் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போதெல்லாம் ஆசிரியை பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கும்போது நான் பேசுவதில்லை. ஒவ்வொரு பெயரையும் கேட்கிறேன். ஒவ்வொருத்தியும் எழுந்து “உள்ளேன்” என்று சொல்வதைக் கேட்கிறேன். எல்லாரும் இருக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய செய்தி! அந்தத் தாயின் வீட்டில் அந்தச் சொல் கேட்டு ஐம்பது ஆண்டுக்கு மேலாயிற்று. அவர் சொல்வதை உலகம் கேட்கட்டும். அவர் அழுது தீர்க்கட்டும்.